உடுத்தியவனும் உடன் நடந்தவனும்: வேட்டை உடை குறித்துச் சில குறிப்புகள்

1

போத்தனூர் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையல்கடை இருக்கிறது. ஒரு மிஷின், துணி வெட்ட ஒரு மேசை, அவ்வளவுதான். கடைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு நீலமும் ஸ்டேஷன் ஆட்களுக்குக் காக்கியும் தைத்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர். கொஞ்ச நாளைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறாராம். வேட்டைக்கு ஏற்பாடு செய்கிற அங்கத்திய கம்பெனி, என்னென்ன உடுப்புக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறது. அந்தப்படி இரண்டு செட் தைக்க வேண்டும். பட்டியல் இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்ல நான்.

பட்டியல் இப்படிப் போனது. காக்கி, ஆலிவ் பச்சை, மண் நிறம் ஆகியவை மட்டும். வெள்ளை ஆகாது. நீலமும் கறுப்பும் ஆகாது. ராணுவத்தார் போடுகிற திட்டுத்திட்டான பச்சைத் துணி கூடவே கூடாது. முழுக்கைச் சட்டை மூன்று, கால்சட்டை இரண்டு, விடிகாலைக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி ஒன்று. நடந்தால் சரசரக்கிற துணி வேண்டாம், மிருகத்துக்குக் கேட்டுவிடும். பூட்ஸ் காலுக்குப் பழகியதாக இருக்கட்டும். கடைசியாக ஒரு வரி: துணிகள் தினமும் முகாமில் துவைத்து இஸ்திரி போட்டுத் தரப்படும், ஆகவே நிறையக் கொண்டுவரத் தேவையில்லை.

கேட்டு முடித்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, எல்லாஞ் செரி. அவரு கூடப் போற ஆளுங்க என்ன போட்டுக்கோணும்னு எழுதீருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப அவங்களுக்கு ஒண்ணும் தேவையில்லீங்களாட்ட இருக்குது."

நான் எழுத வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். வேட்டை உடையைப் பற்றி எழுதப்பட்டிருக்கிற எல்லாப் பக்கங்களும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. தாண்டிப் போனது மறதியால் அல்ல என்பது என் வாதம்.

2

ரோலான் பார்த் 1967இல் வெளியிட்ட நாகரிக உடை பற்றிய நூலில், மனிதர்கள் உடுத்துகிற உடையை விட்டுவிட்டு, பத்திரிகைகளில் எழுதப்பட்ட உடையையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். எழுதப்பட்ட உடைக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது, அது யாரை உடுத்துகிறது என்பதைவிட யாரை உருவாக்குகிறது என்பதுதான் முக்கியம் என்பது அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது. நம் பட்டியலும் எழுதப்பட்ட உடைதான். அதன் இலக்கணத்தில் முன்னிலை ஒருமை மட்டும் உண்டு: நீங்கள். படர்க்கை கிடையாது. ஆனால் வேலை நடக்கிறது. 'துவைத்துத் தரப்படும்', 'இஸ்திரி போட்டுத் தரப்படும்'. யாரால்? செயப்பாட்டு வினைக்குள் ஒரு மனுஷி ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

அந்த இஸ்திரிக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளில் ஒருவகை ஈ, வெளியில் காயப்போட்ட ஈரத்துணியில் முட்டையிடும். துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். இஸ்திரிப் பெட்டியின் சூடு முட்டையைக் கொன்றுவிடும். ஆகவே விருந்தாளியின் உள்பனியன் வரைக்கும் இஸ்திரி போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இஸ்திரி போடுகிறவளின் சொந்தத் துணிக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள் என்பது பட்டியலுக்கு வெளியே இருக்கிற விஷயம்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு மூதாதை உண்டு. ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1850 முதல் 1852 வரை தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், பயணம் செய்தார். திரும்பிப் போய் 1855இல் 'பயணக் கலை' என்ற கையேட்டை வெளியிட்டார். உடைக்கென்று தனிப் பகுதி உண்டு. சட்டைக் கையை வெளிப்புறமாக மடித்தால் அவிழ்ந்துவிடும், உட்புறமாக மடித்தால் நாள் முழுக்க நிற்கும் என்பது வரை சொல்லித் தருகிறார். அதே கையேட்டில் 'காட்டுமிராண்டிகளை நிர்வகிப்பது' என்றும் ஒரு பகுதி உண்டு. சட்டைக் கையை மடிக்கச் சொல்லித் தந்த அதே குரல்தான் மனிதனை அடக்கவும் சொல்லித் தருகிறது. இரண்டுமே அவருக்குப் பயணச் சாமான் தொடர்பானவை. இனமேம்பாட்டியல் என்ற கொடிய கருத்துக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் இவரேதான். இன்றைய பட்டியலில் இரண்டாவது பகுதியை நீக்கிவிட்டார்கள். முதல் பகுதி மட்டும் தொடர்கிறது. நீக்கப்பட்ட இடம் காலியாக இல்லை, மௌனமாக இருக்கிறது.

3

இங்கே ஒரு மறுப்பு எழும். 'எல்லாவற்றிலும் அதிகாரத்தைத் தேடுகிறீர்கள். காட்டுக்குப் போகிறவன் முள்ளுக்கும் பூச்சிக்கும் தகுந்த மாதிரி உடுத்தித்தானே ஆகவேண்டும்?' நியாயமான கேள்வி. நழுவக்கூடாது.

நீலமும் கறுப்பும் கூடாது என்பதற்குக் காரணம் செட்ஸி ஈ. தூக்க நோயைப் பரப்புகிற அந்த ஈ இந்த இரு நிறங்களால் ஈர்க்கப்படுகிறது. ஈயைப் பிடிப்பதற்கு வைக்கிற பொறிகளையே நீலத்துணியிலும் கறுப்புத்துணியிலும்தான் செய்கிறார்கள். திட்டுப் பச்சைத் துணி கூடாது என்பதற்குக் காரணம், சிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளில் அது ராணுவத்துக்கு மட்டும் உரியது, சிவிலியன் போட்டால் பிடிப்பார்கள். முழுக்கைச் சட்டை முள்ளுக்கு. விடிகாலைக் குளிரும் மெய்தான். பட்டியலில் பொய் இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நமீபியாவின் பெரும்பகுதியில் செட்ஸி ஈ கிடையாது. ஆனாலும் பட்டியல் அங்கேயும் நீலத்தைத் தடுக்கிறது. 'ஆப்பிரிக்கா' என்ற ஒரே காட்டுக்கு எழுதப்பட்ட பட்டியல் அது. ஒரு கண்டம் முழுவதையும் ஒரு நிறத்துக்குள் அடக்கிவிடுகிறது. இரண்டு, ஈயும் முள்ளும் ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. தடம் பார்த்து முன்னால் நடக்கிறவனையும் அதே ஈ கடிக்கும், அதே முள் கிழிக்கும். பட்டியல் ஒருவனுக்கு மட்டும் எழுதப்படுகிறது என்றால், அது பேசுவது ஈயைப் பற்றி மட்டுமல்ல.

மிருகத்தின் கண்ணுக்குத் தப்புவதுதான் நோக்கம் என்ற வாதமும் பாதிதான் நிற்கும். மான் இனங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவன் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தைக் கட்டாயம் போட்டாக வேண்டும். மானுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், இன்னொரு வேட்டைக்காரனுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். சக வேட்டைக்காரன் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தச் சட்டை. ஆக, வேட்டை உடை மனிதர்களைப் பார்த்துப் பேசுகிறது. மிருகம் ஒரு சாக்கு.

4

ஆப்பிரிக்க வேட்டை உடை என்று இன்று உலகம் எதைச் சொல்கிறதோ அதன் இரண்டு முக்கிய உறுப்புகளும் நம் பக்கத்திலிருந்து அங்கே போனவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இதை ஏதோ அந்நிய விஷயமாகப் பார்ப்பது வசதியான அறியாமை.

முதலாவது காக்கி. 'காக்' என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மண், புழுதி. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படையில்தான் அது சீருடையானது. எல்லை மலைகளின் புழுதியோடு புழுதியாகத் தெரிவதற்கு. பிறகு மங்களூர், கண்ணூர், கோழிக்கோட்டுப் பாசல் மிஷன் நெசவாலைகள் காக்கித்துணிக்குப் பேர் வாங்கின. 1885இல் இந்தியப் படைக்கும், அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கடல் கடந்து போகும் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் காக்கியானது. போயர் யுத்தத்தோடு ஆப்பிரிக்காவில் நிலைத்தது. வேட்டைக்காரனின் நாலு பாக்கெட் சட்டை அந்தப் படைச் சட்டையின் பிள்ளை. முதலில் மனிதர்களை வேட்டையாடத் தைத்தார்கள், மிருகங்களுக்கு அப்புறம்.

இரண்டாவது தொப்பி. 'சோலார் டோப்பி' என்றதும் சூரியனுக்கான தொப்பி என்று நினைக்கிறோம். உண்மையில் அது 'சோலா'. நம் நெட்டிதான். தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் மாலையாகக் கட்டுகிற அதே குளத்து நெட்டி. வங்காளத்து நெட்டியில் செய்து வெள்ளைத்துணியோ காக்கியோ போர்த்தினால் துரையின் தொப்பி. ஒரு வேடிக்கையான விஞ்ஞானமும் அதைத் தாங்கிப் பிடித்தது. வெப்ப நாட்டுச் சூரியனின் கதிர்கள் வெள்ளைக்காரன் மண்டையைத் துளைத்து மூளையைப் பாதிக்கும், கறுப்பன் மண்டைக்குப் பிரச்சினை இல்லை என்றார்கள். முதுகெலும்பைக் காக்க மெத்தை வைத்துத் தைத்த பட்டையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் நெட்டித் தொப்பி இல்லாமல் வெள்ளைச் சிப்பாய்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தருக்கும் மூளை உருகவில்லை. விஞ்ஞானம் சத்தமில்லாமல் மறைந்தது. ஆட்சிக்காரனையும் ஆளப்பட்டவனையும் பிரிக்கிற கோடாக இந்தத் தொப்பி இருந்தது என்று ஆர்வெல் 1944இல் ஒரு பத்தியில் எழுதினார்.

போத்தனூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர்கள் வாழ்ந்த இடம். தொப்பியை விடாமல் போட்டிருந்த பெரியவர்களைப் பற்றி இங்கே இன்னும் கதை சொல்வார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். எனக்குக் கேலி வரவில்லை. கோட்டின் எந்தப் பக்கம் தன்னைச் சேர்ப்பார்கள் என்று தெரியாதவனுக்குத் தலையில் இருக்கிற நெட்டிதான் அத்தாட்சி.

5

போத்தனூர் வேட்டைப் பாதையில் இருந்த ஊர். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த ரயில் பாதை இதன் வழியாகத்தான் போனது. 1873இல் இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை. நீலகிரிக்கு வேட்டைக்குப் போன துரைமார்களின் பெட்டிகள் இங்கே இறங்கி ஏறியிருக்கின்றன. 1915இல் பொள்ளாச்சிக்குப் பாதை வந்தபோது ஆனைமலையும் பக்கமாயிற்று.

நீலகிரியில் 1879இல் வேட்டைச் சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டைக் காப்பதற்கு என்று பெயர். துரையின் வேட்டை விளையாட்டானது, மலைவாசியின் வேட்டை திருட்டானது. அங்கேயே இன்னொரு வேட்டையும் நடந்தது: ஊட்டி ஹண்ட். இங்கிலாந்திலிருந்து வந்த நாய்கள், குதிரைகள், ரத்தச் சிவப்புக் கோட்டு. அங்கே நரி வேட்டை, இங்கே ஒத்த நரி இல்லாததால் குள்ளநரி. ஆனைமலையில் மறைந்திருக்கக் காக்கி போட்ட அதே வர்க்கம் வென்லாக் புல்வெளியில் சிவப்புக் கோட்டில் குதிரையேறியது. மறைவதுதான் வேட்டை உடையின் நோக்கம் என்றால் இந்தச் சிவப்பை எங்கே வைப்பது? காக்கியும் சிவப்பும் ஒரே வேலையைத்தான் செய்தன. யார் சுடுகிறவர், யார் ஓடுகிறவர் என்பதைத் தூரத்திலிருந்தே காட்டின.

அந்தக் காலப் புகைப்படங்களைப் பாருங்கள். நடுவில் செத்த புலி. அதன் மேல் ஒரு பூட்ஸ் கால். தொப்பி, பெல்ட், தோட்டாப் பை. ஓரத்தில் நாலைந்து பேர் இடுப்பில் துண்டோடு, வெறுங்காலோடு. தடம் கண்டவர்கள் அவர்கள், கலைத்து விரட்டியவர்கள் அவர்கள், சுமந்து வந்தவர்கள் அவர்கள். ஆனைமலையில் காடர்கள் இல்லாமல் ஒரு துரைக்கும் வழி தெரியாது. ஆனாலும் பெயர் எழுதும்போது துரை பெயர், புலியின் நீளம் இத்தனை அடி இத்தனை அங்குலம். ஓரத்தில் நிற்கிறவர்களுக்குப் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்த வெற்றுடம்பை நாம் 'இயற்கை' என்று படித்துவிடக் கூடாது. அது துரையின் வாசிப்பு. இவர்களுக்கு உடை தேவையில்லை, வெயில் இவர்களை ஒன்றும் செய்யாது என்ற அதே பழைய விஞ்ஞானம். சமவெளியில் இன்னொரு கணக்கும் இருந்தது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் அருந்ததியர் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தோலை உரித்துப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவனின் கால்தான் வெறுங்கால். மலையில் காடருக்கிருந்த உடை வழக்கத்தையும் ஊரில் அருந்ததியர் மேல் சுமத்தப்பட்ட தடையையும் ஒன்றாக்கிவிட முடியாது. வரலாறு வேறு வேறு. ஆனால் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. துரைக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் மாதிரியே இவர்களுக்கும் எழுதாத ஒரு பட்டியல் இருந்தது. அதில் 'கூடாது' மட்டும்தான். வெற்றுடம்பும் விதிக்கப்பட்ட ஓர் உடைதான்.

6

ரயிலும் வேட்டையும் சேர்ந்த இடம் இன்னொன்று உண்டு. 1896 முதல் 1901 வரை கிழக்காப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதை போடப்பட்டது. இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 கூலிகள் ஒப்பந்தத்தில் போனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். 1898இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கின. பொறியாளர் பாட்டர்சன் அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டார். 1907இல் புத்தகம் போட்டார், புகழ் பெற்றார். சினிமாக்கள் வந்தன. சிங்கத் தோல்கள் அவர் வீட்டில் விரிப்பாகக் கிடந்து, 1924இல் சிகாகோ அருங்காட்சியகத்துக்கு விலைக்குப் போயின.

செத்தவர்கள் எத்தனை பேர்? இந்தியக் கூலிகள் இருபத்தெட்டு என்று புத்தகத்தில் எழுதினார். பின்னால் 135 என்று சொன்னார். சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் சோதித்து 2009இல் வந்த ஆய்வு சுமார் 35 என்றது. ஆப்பிரிக்கர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அரசாங்கக் கணக்கே இல்லை என்பதைப் பாட்டர்சனே ஒத்துக்கொள்கிறார். இந்தியக் கூலிக்கு ஒரு கணக்காவது உண்டு, ஏனென்றால் அவன் ஒப்பந்தச் சரக்கு. அந்த மண்ணின் மனிதனுக்கு அதுவும் இல்லை. உடையில் தொடங்குகிற வரிசை சாவு வரைக்கும் நீள்கிறது.

'சஃபாரி' என்ற சொல்லை நம் ஆட்கள் சிலர் 'சவாரி'யோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். சவாரி பாரசீகத்திலிருந்து வந்தது, ஏறிப் போவது. சஃபாரி அரபியின் 'சஃபர்' வழியாக ஸ்வாஹிலியில் வந்தது, பயணம் என்று பொருள். அந்தப் பயணம் தலைச்சுமையோடு வரிசையாக நடந்த ஆட்களின் பயணம். 1909இல் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனபோது இருநூறுக்கும் மேற்பட்ட சுமையாட்கள் நடந்தார்கள். நடந்தவர்களின் சொல், சுமக்க வைத்தவனின் சட்டைக்குப் பெயரானது.

7

அந்தச் சட்டை நம் ஊருக்குத் திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'சஃபாரி' தைக்காத தையல்காரர் கிடையாது. டெரிகாட்டன் துணி, அரைக்கை, நாலு பாக்கெட், அதே துணியில் பேண்ட். பேங்க் மேனேஜர், என்ஜினியர், கட்சிப் பிரமுகர், மாப்பிள்ளை எல்லோரும் சஃபாரிதான். தோட்டா வைத்த பாக்கெட்டில் பேனாவும் வெற்றிலைப் பொட்டலமும் ரயில் பாஸும். நம் பெரியவர் சொன்னார்: "பாக்கெட்டுக்கு மூடி வெச்சாத்தானுங்க ஆபீசரு. மூடியில்லீன்னா கிளார்க்கு." பார்த் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். காடு போய்விட்டது, அதிகாரம் மட்டும் மூடியில் தங்கிவிட்டது.

சினிமா இதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. கோயமுத்தூர்க்காரரான சின்னப்பா தேவர் 1964இல் எடுத்த 'வேட்டைக்கார'னில் எம்.ஜி.ஆர். கௌபாய் தொப்பியோடு வந்தார். கொங்குக் காட்டோரத்தில் உட்கார்ந்து படம் பார்த்த ஜனத்துக்கு வேட்டைக்காரன் என்றால் அமெரிக்கத் தொப்பிக்காரன். இதே மண்ணில் வயல் வரப்பிலும் குட்டைக் கரையிலும் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. அதில் இருப்பவன் அரையில் கச்சை கட்டியவன், கொண்டை முடிந்தவன். புலி அவனுக்கு எதிரே பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, அவன் காலடியில் கிடக்கவில்லை. அவன் பெரும்பாலும் செத்துப்போனவன். சுட்டவன் உயிரோடு நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று, செத்தவனுக்கு ஊர் எடுத்த கல் ஒன்று. இரண்டு அழகியல்.

உடனே கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டி யாருடையது, மாடு யாருடையது, காவலுக்கு நின்று செத்தவன் யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். கல்லும் எஜமானுக்காகச் செத்தவனைக் கொண்டாடுகிறது. இன்று அந்தக் கற்களுக்குச் சாதிப் பங்காளிகள் முளைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

8

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரை வேட்டை முடிந்தது. ஆனால் வேட்டை என்ற சொல் போகவில்லை. நம் தினசரிகள் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன: 'தேடுதல் வேட்டை'. சத்தியமங்கலம் காட்டில் அதிரடிப்படை இருந்த ஆண்டுகளில் தினமும் படித்த சொல். நக்கீரனில் வந்த படங்களில் வீரப்பனும் பச்சை உடுப்பில், தேடிப் போனவர்களும் பச்சை உடுப்பில். இரண்டு பச்சைக்கும் நடுவில் அகப்பட்ட மலைக்கிராம ஜனத்துக்கு உடுப்பு கிடையாது. அவர்கள் எந்தப் பக்கம் என்று அடையாளம் சொல்லச் சட்டையும் கிடையாது, அடி மட்டும்தான்.

அதற்கும் முன்னால், 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. 269 பேர்மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. துரை போனபிறகும் காக்கி தன் பழைய இலக்கணத்தை மறக்கவில்லை. காட்டில் காக்கி போட்டவன் சட்டம், போடாதவன் சந்தேகம்.

இன்று ஆனைமலையிலும் முதுமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பழங்குடி இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பாட்டன் தடம் பார்த்துத் துரைக்குச் சொன்னான். பேரன் தடம் பார்த்துத் துறைக்குச் சொல்கிறான். பேரனுக்கு உடுப்பு உண்டு. வேலை நிரந்தரமா என்றால், பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியம்தான். சட்டை மாட்டிவிட்டதாலேயே படத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஆனால் உடை எப்போதும் மேலிருந்தே வருகிறது என்றும் சொல்லிவிட முடியாது. நம் திருப்பூர்க்காரர் போன நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா மக்களை வேட்டையாடியது. பாலைவனத்துக்குள் துரத்தித் தண்ணீரில்லாமல் சாகவிட்டது. இன்று ஹெரேரோ பெண்கள் பழைய பாதிரிமார் மனைவிகளின் நீண்ட பாவாடையைத் தங்கள் உடையாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். நினைவு நாளில் ஆண்கள் அந்த ஜெர்மன் படையின் சாயல் கொண்ட சீருடையில் அணிவகுக்கிறார்கள். கொன்றவனின் சட்டையைச் செத்தவனின் பேரன் போட்டுக்கொண்டு நடக்கிறான். போலச் செய்தல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அம்பேத்கர் கோட்டு சூட்டில் நிற்கிற சிலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு இது புரியாது. மறுக்கப்பட்டதை உடுத்திக் காட்டுவது ஒரு வாசகம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சேரிகளில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நம் விமர்சனம்தான் தாமதமாக வந்து சேர்கிறது.

9

துணி தயாரானது. திருப்பூர்க்காரர் வந்து போட்டுப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க மொதலாளி, அங்க கூட வர்றவங்களுக்கு உடுப்பெல்லாம் ஆருங்க குடுக்கறது?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கம்பெனியில் பனியன் தைக்கிறவர்களைப் பற்றி அமெரிக்காவில் அதைப் போடுகிறவனைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். கோயமுத்தூர் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் 'கேம்ப் கூலி' என்றும் 'சுமங்கலித் திட்டம்' என்றும் அடைத்து வைத்து வேலை வாங்கப்பட்ட பெண்பிள்ளைகளின் நூல் எந்தக் காட்டில் எந்த வேட்டைக்காரன் உடம்பில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செயப்பாட்டு வினை அந்தக் காட்டில் மட்டும் இல்லை.

போய் வந்தபிறகு படம் காட்டினார். தரையில் குடு மான், முறுக்குக் கொம்பு. பின்னால் அவர் மண்டியிட்டு, பெரியவர் தைத்த காக்கியில். இதிலும் ஓரத்தில் ஒருவர் இருந்தார். படத்துக்குள் பாதி உடம்புதான் வந்திருந்தது. கொம்பைச் சரியாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்திருக்கிற ஒரு கை.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் கையைத்தான் பார்த்தார். முழுக்கை, நீலம், தடித்த துணி. பட்டியலில் ஆகாது என்று எழுதியிருந்த நீலம்.

"தம்பி, இது நம்ம ஒர்க்‌ஷாப் நீலமாட்டவே இருக்குதுங்க. கைப்பட்டி பாருங்க, ரெட்டைத் தையல்."

அந்தச் சட்டையை எந்த ஊரில் யார் தைத்தார்கள் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்க்காரருக்கும் தெரியவில்லை. அந்த ஆளின் பெயரைக் கேட்டோம். ஏதோ சொன்னாங்க, ஞாபகமில்லை என்றார். மானின் கொம்பு எத்தனை அங்குலம் என்று மட்டும் சரியாகச் சொன்னார்.